நகரத்தின் நினைவைச் சேர்த்து வைப்பது யார்?

கோலாலம்பூரில் 1975-ஆம் ஆண்டு முதல் 1998-ஆம் ஆண்டு வரை ஓடிய மினி பஸ்களை மறந்தவர்கள் குறைவு. அந்த இளஞ்சிவப்பு நிறம், படிக்கட்டு வரை நிற்கும் கூட்டம், நிறுத்தத்தில் முழுமையாக நிற்காமலே கிளம்பிவிடும் அவசரம் ஆகிய எல்லாமே நடுத்தர வயதினரின் பேச்சில் இன்னமும் வருகின்றன. ஆனால், அந்த பஸ்ஸின் டிக்கெட் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால் எத்தனை வீடுகளில் கிடைக்கும்? இறங்கியவுடன் கசக்கி எறிந்த காகிதம் அது. அதைப் போய் யார் சேர்த்து வைப்பார்கள்?

நகர அரும்பொருளகங்களின் மிகப் பெரிய சிக்கல் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. அரசனின் வாளையும் தங்க நகையையும் யாரும் தூக்கி எறிவதில்லை. பஸ் டிக்கெட், சாப்பாட்டுக் கடையின் விலைப் பலகை, தொழிற்சாலை ஊழியரின் அடையாள அட்டை ஆகியவற்றுக்குப் புழக்கத்தில் இருக்கும்வரை மதிப்பில்லை. மதிப்பு வரும்போது பொருள் இருப்பதில்லை.

அரும்பொருள் என்ற தமிழ்ச் சொல்லே இந்தச் சிக்கலைச் சொல்லிவிடுகிறது. அரிய பொருள் என்பது அதன் பொருள். நகர வாழ்க்கையோ அரிதல்லாத பொருள்களால் ஆனது.

திமிங்கிலத்துக்கு இடம் இருந்தது

சிங்கப்பூரின் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் உள்ள தேசிய அரும்பொருளகக் கட்டடம் 1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா ஆண்டு அது. ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் என்று அன்று அதற்குப் பெயர். இந்த வட்டாரத்தின் விலங்குகள், பறவைகள், பழங்குடி மக்களின் கைவினைப் பொருள்கள், தொல்லியல் சின்னங்கள் ஆகியவை அங்கே சேர்க்கப்பட்டன. 1892-ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு அருகே கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 1907-ஆம் ஆண்டு முதல் அங்கே தொங்கவிடப்பட்டிருந்தது. 1974-ஆம் ஆண்டில் அது கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. அதை அண்ணாந்து பார்த்த சிறுவர்கள் பல தலைமுறையினர்.

அதே காலத்தில், நடந்து போகும் தொலைவில், சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் படகுகள் நெருக்கியடித்து நின்றன. மெல்லிய பலகைகள்மீது மூட்டை சுமந்து கூலித் தொழிலாளர்கள் ஏறி இறங்கினார்கள். தமிழகத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் துறைமுகத்தையும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் அமைத்தார்கள். அவர்கள் சோறு தின்ற தட்டு, தோளில் போட்ட துண்டு, சம்பளச் சீட்டு போன்றவை அரும்பொருளகத்துக்கு உரியவை என்று அன்று கருதப்படவில்லை. இதற்குத் தனிப்பட்ட வன்மம் காரணமன்று. தொலைவிலிருந்து வந்தது, பழமையானது, அரிதானது, இவைதான் காட்சிக்கு உரியவை என்பது அக்காலத்து அறிவுலகின் கணக்கு. வாசலில் தினமும் நடந்து போகும் மனிதனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இதன் விலையை இன்றைய ஆய்வாளர்கள் கொடுக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களைப் பற்றி எழுத முற்படுவோர் அரசாங்கக் கோப்புகளையும் முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களையும் அஞ்சலட்டைக்காக எடுக்கப்பட்ட படங்களையும் நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னது ஏராளம்; அவர்களே சொன்னது மிகக் குறைவு. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யும் பிரிவு 1979-ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி வந்தவர்களில் பலர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

பொருள் பிறகு, கேள்வி முதலில்

இந்தக் குறையைத் திட்டமிட்டுச் சரிசெய்ய முயன்ற நாடுகளில் ஸ்வீடன் முன்னோடி. அங்குள்ள அரும்பொருளகங்களில் பழைய கிராமத்து ஏர்களும் விவசாயக் குடும்பங்களின் உடைகளும் நிறைந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலை, அலுவலகம், அடுக்குமாடி வீட்டுச் சமையலறை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப் போதிய பொருள்கள் இல்லை. இதை உணர்ந்து 1977-ஆம் ஆண்டில் சம்டோக் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். சமகாலத்தைப் பதிவுசெய்தல் என்பதைக் குறிக்கும் ஸ்வீடிய மொழிச் சொல்லின் சுருக்கம் அது. ஸ்டாக்ஹோமில் உள்ள நோர்டிஸ்கா அரும்பொருளகம் அதன் மையமாக இருந்தது. சுமார் 80 அரும்பொருளகங்கள் இணைந்து வீடு, உணவு, தொழில், வணிகம் என்று துறைகளைப் பிரித்துக்கொண்டன.

அவர்கள் வேலை செய்த முறைதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆய்வாளர்கள் வீடுகளுக்கும் வேலையிடங்களுக்கும் நேரே போனார்கள். அங்கே இருப்பவர்களோடு பேசினார்கள். அன்றாட வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள், படமெடுத்தார்கள். எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்ற முடிவு கடைசியில்தான் வந்தது. கதை தெரியாத பாத்திரம் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். யார் வாங்கினார், எந்தச் சம்பளத்தில் வாங்கினார், எதற்குப் பயன்படுத்தினார், ஏன் கைவிட்டார் ஆகிய விவரங்களோடு வரும்போதுதான் அது வரலாற்றுச் சான்றாகிறது.

பட்டுப் புடவை வரும், கைலி வராது

பொதுமக்கள் கொண்டுவந்து தருவதை மட்டும் வாங்கி வைத்தால் என்ன? அப்படித்தான் பல இடங்களில் நெடுங்காலம் நடந்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு.

அரும்பொருளகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றால் மக்கள் எதை எடுத்து வருவார்கள்? பாட்டியின் திருமணப் பட்டுப் புடவை வரும். தாத்தா வீட்டில் கட்டியிருந்த கைலி வராது. அது கிழிந்து, கரித்துணியாகி, என்றோ குப்பைக்குப் போயிருக்கும். வெள்ளிக் குத்துவிளக்கு வரும். மண்ணெண்ணெய் அடுப்பு வராது. பட்டம் பெற்ற நாளில் எடுத்த படம் வரும். இரவு வேலை முடித்துத் திரும்பியவரின் படம் வராது, ஏனென்றால் அதை யாருமே எடுக்கவில்லை. கொடுப்பதற்குப் பொருளும் அதைப் பாதுகாக்க இடமும் உள்ள குடும்பங்களின் வாழ்க்கையே இந்த வழியில் சேமிப்பில் நிறையும். அடிக்கடி வீடு மாறியவர்களும் வாடகை அறையில் நான்கு பேரோடு படுத்தவர்களும் எதையும் மிச்சம் வைத்திருக்க மாட்டார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பார்ப்பவர்கள், அந்த நகரத்தில் எல்லாரும் பட்டுடுத்தி வாழ்ந்தார்கள் என்று நினைத்தால் அது அவர்களுடைய தவறாகாது.

லண்டன் சொல்லும் பாடம்

லண்டன் நகர அரும்பொருளகத்தின் வரலாற்றில் இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் பார்க்கலாம். 1826-ஆம் ஆண்டில் உருவான கில்டுஹால் அரும்பொருளகமும் 1912-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லண்டன் அரும்பொருளகமும் ஒன்றாகி, 1976-ஆம் ஆண்டில் புதிய கட்டடத்தில் இயங்கத் தொடங்கின. இடமாற்றத்துக்காக 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தக் கட்டடம் மூடப்பட்டது.

பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றிய அதன் சேமிப்பு புகழ்பெற்றது. ஹாலோவே சிறைக்குப் போய் வந்தவர்களுக்கு வழங்கப்பட்ட சின்னங்கள், உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கான பதக்கங்கள், பதாகைகள் ஆகியவை அதில் உள்ளன. இவற்றைத் தேடித் திரட்டியவர்கள் அரும்பொருளக அதிகாரிகள் அல்லர். போராடிய பெண்களே 1926-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்துத் திரட்டினார்கள். ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பிரிட்டிஷ் பெண்களுக்கு முழுமையாகக் கிடைத்தது 1928-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே தங்கள் வரலாறு காணாமல் போய்விடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அந்தச் சேமிப்பு பின்னர் லண்டன் அரும்பொருளகத்துக்கு வந்து சேர்ந்தது.

1993-ஆம் ஆண்டில் அதே அரும்பொருளகம், வெளிநாடுகளிலிருந்து லண்டனில் வந்து குடியேறியவர்களைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. வெளியிலிருந்து ஆட்கள் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் என்ற பரவலான எண்ணத்தை அது கேள்வி கேட்டது. 15,000 ஆண்டுகளாகவே லண்டன் வந்தேறிகளால் ஆன ஊர் என்பது அதன் வாதம். குடியேறிய மக்களின் வாய்மொழிப் பதிவுகளும் அதற்காகத் திரட்டப்பட்டன.

பொருளைச் சேர்ப்பது பாதி வேலைதான். அதன் பக்கத்தில் எதை எழுதி வைப்பது என்பது மறுபாதி. 1802-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு கிடங்கில், அரும்பொருளகத்தின் துறைமுக வட்டாரக் கிளை 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கரிபியத் தீவுகளிலிருந்து வந்த சர்க்கரையை அடுக்கி வைத்த கட்டடம் அது. அந்தச் சர்க்கரையை வாணிபம் என்றும் எழுதலாம். கரும்பு வெட்டியவர்கள் யார் என்று கேட்டும் எழுதலாம். பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடைசெய்த 1807-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருநூறாம் ஆண்டான 2007-இல், சர்க்கரையையும் அடிமை முறையையும் பற்றிய நிரந்தரக் காட்சிக்கூடம் அங்கே திறக்கப்பட்டது. கட்டடத்துக்கு வெளியே, அடிமைகளை உடைமையாக வைத்திருந்த வணிகர் ராபர்ட் மில்லிகனின் சிலை நின்றது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது அகற்றப்பட்டது.

லண்டன் சேர்த்தவற்றுள் முகம் சுளிக்க வைப்பதும் ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டில் வைட்சேப்பல் வட்டாரத்தின் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. சமையலறைகளிலிருந்து ஊற்றிய எண்ணெயும் கொழுப்பும், கழிப்பறையில் போட்ட ஈரத்தாள்களும் இறுகிப் பாறையாகியிருந்தன. அதன் ஒரு துண்டை உலர்த்தி, 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரும்பொருளகம் காட்சிக்கு வைத்தது. பிறகு அது நிரந்தரச் சேமிப்பிலும் சேர்ந்தது. அதன் நிறம் மாறியதையும் அதிலிருந்து பூச்சிகள் வெளிவந்ததையும் அரும்பொருளகமே வெளிப்படையாகச் சொன்னது. சாக்கடையைப் போய் வைக்கலாமா என்று கேட்டவர்களுக்குப் பதில் எளிது. அந்நகரத்தார் என்ன சாப்பிட்டார்கள், எதை எறிந்தார்கள், யார் அதைச் சுத்தம் செய்தார்கள் என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் பொருள் கிடைப்பது கடினம்.

தெருவே இல்லாமல் போனபோது

சில இடங்களில் நகரத்தின் ஒரு பகுதியே அழிக்கப்படுவதுண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் எனப்படும் ஆறாம் வட்டாரத்துக்கு அதுதான் நடந்தது. பல இனத்தவர் கலந்து வாழ்ந்த அந்த இடத்தை, நிறவெறி அரசாங்கம் 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி வெள்ளையருக்கு மட்டுமே உரிய பகுதியாக அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் 60,000-க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். வீடுகளும் கடைகளும் இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டன.

1994-ஆம் ஆண்டு டிசம்பரில், அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் ஆறாம் வட்டார அரும்பொருளகம் திறக்கப்பட்டது. காட்டுவதற்கு என்ன இருந்தது? அந்த வட்டாரத்தின் தெருப் பெயர்ப் பலகைகள் இருந்தன. இடிப்பு வேலையை மேற்பார்வையிட்டவரே அவற்றைக் கொட்டிவிடாமல் தன் வீட்டில் பத்திரமாக மறைத்து வைத்திருந்தார். தரை முழுவதும் அந்த வட்டாரத்தின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்கள் அதன்மீது குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடி, குடும்பப் பெயரைத் தாங்களே எழுதினார்கள். நீண்ட துணிகளில் தங்கள் நினைவுகளை எழுதினார்கள். அந்த எழுத்துகள்மீது பிறகு பூத்தையல் போடப்பட்டது.

இங்கே வல்லுநர் தீர்மானித்து, மக்கள் பார்க்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்களே சேர்த்தார்கள், அவர்களே எழுதினார்கள். பின்னர் நிலத்தைத் திரும்பக் கோரிய போராட்டத்துக்கும் அந்த நினைவுகள் துணை நின்றன. நினைவு என்பது சில நேரங்களில் உரிமைப் பத்திரமும் ஆகிறது.

வேகமாக மாறிய சிங்கப்பூர்

உலகில் மிக வேகமாக உருமாறிய நகரங்களில் சிங்கப்பூரும் ஒன்று. 1960-ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. கம்பத்து வீடுகளிலிருந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறினார்கள். 1977-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் நடந்த ஆற்றுத் துப்புரவுப் பணியில், தொங்கான் படகுகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. தெருவோர உணவுக் கடைக்காரர்கள் 1986-ஆம் ஆண்டுக்குள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். ஒருவர் பிறந்த இடமும் படித்த பள்ளியும் வேலை பார்த்த தெருவும் அவர் கண்முன்னே மறைந்துபோவது அங்கே வழக்கமான செய்தி.

தேசிய அரும்பொருளகம் புதுப்பிக்கப்பட்டு 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, உணவு, உடை, திரைப்படம், புகைப்படம் ஆகியவற்றுக்குத் தனிக் காட்சிக்கூடங்கள் அமைந்தன. திமிங்கிலம் தொங்கிய அரும்பொருளகத்தில் தெருவோரச் சாப்பாட்டுக்கு இடம் கிடைத்தது. நூறு ஆண்டுகளில் ஏற்பட்ட பெரிய மனமாற்றம் அது. 2015-ஆம் ஆண்டில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் திறக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

ஆயினும் எச்சரிக்கை ஒன்றும் தேவை. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும் தள்ளுவண்டி எப்போதும் சுத்தமாகவே இருக்கும். அதன் உரிமையாளர் சுத்தமான தண்ணீர் இல்லாமல் பட்ட பாடும், உரிமம் இல்லாததால் அதிகாரியைக் கண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியதும், நாள் முழுக்க நின்று வீங்கிய கால்களும் அந்த வண்டியில் தெரியாது. இனிய நினைவுகளை மட்டும் வைத்தால் அரும்பொருளகம் ஓர் அழகான அஞ்சலட்டையாகிவிடும். கடினமான வாழ்க்கை வாழ்ந்தவர்கள் அந்த அஞ்சலட்டையில் தங்களை அடையாளம் காணமாட்டார்கள்.

கிருமித்தொற்றுக் காலம்

2020-ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவியபோது, உலகின் பல நகர அரும்பொருளகங்கள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் செயல்பட்டன. லண்டனில், ஊரடங்கின்போது மக்கள் கண்ட கனவுகளைக்கூட வாய்மொழியாகப் பதிவுசெய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகமும் தேசிய நூலக வாரியமும் பொருள்களையும் படங்களையும் நினைவுகளையும் அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டன. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந்தக் காலகட்டத்தைக் காட்டும் கண்காட்சி தேசிய அரும்பொருளகத்தில் தொடங்கியது. நிகழ்வு முடிவதற்குள்ளேயே அது வரலாறாகச் சேர்க்கப்பட்டது.

பழைய கேள்வி இங்கேதான் மறுபடியும் தலைதூக்குகிறது. 2020-இல் சிங்கப்பூரில் தொற்றுக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த ஆண்டின் கதையை அடுக்குமாடி வீட்டின் சன்னலிலிருந்து மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான். பொது அழைப்பு விடுத்தால், அதைப் படித்து, தன் வாழ்க்கையும் சேர்க்கத் தகுந்தது என்று நம்பும் துணிவு உள்ளவர்களே முன்வருவார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் ஊழியரின் உடைமைகள் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். விடுதி அறையிலிருந்து வீட்டாரோடு பேசிய கைப்பேசியும் அவரோடு போய்விடும். அவரைத் தேடிப் போய், அவருடைய மொழியில், அவருடைய சம்மதத்தோடு கேட்டால்தான் அந்தக் கதை மிஞ்சும். கேட்காமல் விட்டால் 1887-இல் நடந்ததே இன்னொரு முறை நடக்கும்.

இன்றைய பொருள்களைச் சேர்ப்பதில் நடைமுறைத் தொல்லைகளும் குறைவில்லை. எல்லாவற்றையும் வைக்க எந்த அரும்பொருளகத்திலும் இடம் கிடையாது. வெண்கலம் ஆயிரம் ஆண்டு தாங்கும். பிளாஸ்டிக் சில பத்தாண்டுகளில் மஞ்சளித்து, பிசுபிசுத்து, நொறுங்கிவிடும். கைப்பேசியை வைக்கலாம், அதிலிருந்த குறுஞ்செய்திகளும் படங்களும் இல்லாமல் அது வெறும் கண்ணாடித் துண்டு. அவற்றை எடுக்கலாமென்றால், உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் குறுக்கே நிற்கிறது. ஆகவே, எதையும் விடாமல் சேர்ப்பது நடக்காத காரியம். தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். தேர்ந்தெடுக்கும் மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர வரலாற்று அரும்பொருளகத்தில் ஓர் அலமாரித் தொகுதி இருக்கிறது. தலைமுறைகளின் நூலகம் என்று அதற்குப் பெயர். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் திட்டம் 2105-ஆம் ஆண்டு வரை நடக்கும். பங்கேற்பவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய எழுத்துகளையும் படங்களையும் பெட்டிகளில் வைக்கிறார்கள். இன்னும் பிறக்காதவர்களுக்காகவும் இடங்கள் காலியாக விடப்பட்டுள்ளன.

அந்த வேலையைத் தொடங்க ஒரு பெரிய நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒரு பழைய தூக்குச் சட்டி இருந்தால், அது யாருடையது, எந்த வேலைக்குக் கொண்டுபோனார்கள், அதில் என்ன சாப்பாடு இருந்தது, எந்த ஆண்டோடு அந்த வேலை நின்றது என்பதை ஒரு தாளில் எழுதி அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். பதில் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். சட்டி பல ஆண்டு கெடாமல் கிடக்கும். சொல்லக்கூடியவர் எப்போதும் இருக்கமாட்டார்.